ஸம்ஹாவை ஒறுத்தல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேலியோரத்தில் கிடைத்தது. அது என்னுடைய வேலி இல்லை என்று சொல்வதாகத்தான் இருந்தேன். மாம்புரி என்ற கடலோர ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் என்று தள்ளி நின்று தொடங்கினால் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் நிழல் கிடைக்கும்.

விஷயம் இதுதான். ஜெனிற்றா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை, தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து, பக்கத்து வீட்டு ஸம்ஹாவுடன் கதைப்பதை நிறுத்திவிட்டாள். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை. ஸம்ஹாவின் குடும்பம் வருகிற ஞாயிறு காலையில் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போகிறது. போனால் போனதுதான். அந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. தவக்காலம் முடிய அதற்குப் பிறகும் ஒரு வாரம் இருக்கிறது. ஒரு சொல் பேசாமலே இந்த இரண்டு பிள்ளைகளும் பிரிந்துவிடுவார்களா என்பதுதான் கதை.

இதையெல்லாம் முதற் பக்கத்திலேயே கொட்டிவிடக் கூடாது என்பார்கள். ஆனால் இன்று புதன்கிழமை. ஞாயிறில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. நான் ஒளித்துவைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

2

தொடக்கம் ஒன்று:

நிக்கொலஸ் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது கோயில் மணி

இந்த இடத்தில் என் மனைவி இமெல்டா பின்னால் வந்து நின்று வாசித்தாள். யார் இந்த நிக்கொலஸ் என்று கேட்டாள். கதையில் வருகிற ஆள் என்றேன்.

"பிள்ளைட பேர் அப்பிடியே இருக்கு. பக்கத்து வீட்டுப் பேரும் அப்பிடியே இருக்கு. உங்கட பேர மட்டும் மாத்தி, மீன்காரனாவும் ஆக்கியாச்சு," என்றாள். "வள்ளத்தில ஏறினா வாந்தி எடுக்கிற மனுசன்."

அவள் சொன்னது சரி. இந்தக் கரையில் ஒரு கிறிஸ்தவனைக் கதையில் வைத்தால் கையில் வலையைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பழக்கம் எங்கிருந்தோ எனக்கு வந்திருக்கிறது. வலையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நிக்கொலஸ் விதையும் பசளையும் தண்ணீர்க் குழாயும் விற்கிற ஒரு கடை வைத்திருக்கிறான். அதிகம் பேசமாட்டான். கடையில் ஆள் இல்லாதபோது வாசித்துக்கொண்டிருப்பான், ஆள் வந்த பிறகும் சில வேளை. பெயரை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பின்னால் நிற்பது வசதியாக இருக்கிறது.

தொடக்கம் இரண்டு:

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பக்கத்து வீட்டு ஹஃபீலா வேலிக்கு மேலால் கஞ்சிச் சட்டியை

இதையும் நிறுத்தினேன். கஞ்சி வேலியைக் கடந்ததும் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிற கதைகள் உண்டு. இந்த வருடம் நோன்புக் கஞ்சி ஒரு நாள் தவறாமல் கடந்தது. அதனால் ஒன்றும் நேராகவில்லை.

தொடக்கம் மூன்று:

அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு

இல்லை.

3

நிக்கொலஸின் வீட்டில் வருடம் தைமாதத்தில் பிறப்பதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரியோடு பிறக்கிறது. பிள்ளைகள் காலத்தை நிறத்தால் அறிவார்கள். வீட்டுப் பீடத்தில் விரிக்கும் துணி ஊதா என்றால் பாலன் பிறக்கப் போகிறார், அல்லது சாகப் போகிறார். வெள்ளை என்றால் பலகாரம். பச்சை என்றால் நீண்ட காலம், ஒன்றும் நடக்காது, சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். சின்னவன் சியாமுக்கு ஐந்து வயது. ஊதாத் துணியால் மாதாவின் சுரூபத்தை மூடியதும் அவன் கேட்பது வருடாவருடம் ஒன்றுதான்: உள்ளே மாதாவுக்கு மூச்சு முட்டாதா?

தவக்காலத்துக்கு இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள், மாலைச் செபம் முடிந்ததும், விளக்கை அணைக்காமல் எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தனக்கு ஆகப் பிடித்த ஒன்றை மனதுக்குள் தேர்ந்துகொள்ள வேண்டும். நாற்பது நாளும் அதைத் தொடக்கூடாது. அதற்குப் பெயர் ஒறுத்தல்.* எதை விட்டோம் என்பதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று அந்தப் புதன்கிழமைதான் கோயிலில் வாசிப்பார்கள். உயிர்த்த ஞாயிறு காலையில், சாப்பாட்டு மேசையில், ஒருவர் ஒறுத்ததை மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். போன வருடம் இமெல்டா தேத்தண்ணீரை விட்டிருந்தாள். முதல் வாரம் அவளுக்குத் தலையிடி, மற்றவர்களுக்கு ஏச்சு. அதை ஊகிக்க மேசைக்கு வரத் தேவையிருக்கவில்லை.

சியாமால் எதையும் மறைக்க முடியாது. இந்த வருடம் புதன்கிழமை மத்தியானமே தான் பீற்றூட்டை விட்டுவிட்டதாக அறிவித்தான்.

"உனக்குத்தான் பீற்றூட் பிடிக்காதே," என்றாள் இமெல்டா.

"அது இயேசுவுக்குத் தெரியாது," என்றான்.

[* வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விடு என்பது இறைச்சி தின்கிற ஊர்க்காரர்கள் எங்கோ இருந்து போட்ட சட்டம். இறைச்சியை விட்டுவிட்டுப் பாரைமீன் குழம்பு வைப்பது இந்தக் கரையில் தவமா, விருந்தா? நிக்கொலஸ் இதை யோசித்து யோசித்துத்தான், பிடித்ததை விடுவது என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தான். அதாவது வழக்கம் பழையதில்லை. சபையின் சட்டமும் இல்லை. ஒரு மனிதன் யோசித்ததன் விளைவு.]

இந்த வருடம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புதன்கிழமை இவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டார்கள். அடுத்த நாள் அந்தப் பக்கத்து வீட்டில் நோன்பு தொடங்கியது. இரண்டு காலங்களும் ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்து ஒரே வேலியின் இரு பக்கமும் ஓடின. ஸம்ஹா முதல் தடவையாக முழு நோன்பும் பிடிக்கப் போவதாக அதற்கு முந்திய வாரம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். எச்சில்கூட விழுங்கமாட்டாளாம். ஜெனிற்றா அதை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

4

பக்கத்து வீட்டுக்காரர் ஜௌபர். தொண்ணூறாம் ஆண்டு போரில் மன்னார் முஸ்லிம்களோடு சேர்த்து விரட்டப்பட்டு வந்தபோது அவர் சிறுபிள்ளை. இங்கே குத்தகைக் காணியில் வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிறார். அவருடைய மனைவி ஹஃபீலா. மூத்தவள் ஸம்ஹா, இளையவள் ஸஃப்னா. தென்னோலைக் கிடுகு வேலியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸம்ஹாவும் ஜெனிற்றாவும் புகுந்து புகுந்து உண்டாக்கியது.

முதல் நோன்பன்று மாலை ஸம்ஹா சட்டியோடு அந்த ஓட்டையால் வந்தாள். ஜெனிற்றா எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுத்த நாள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஸம்ஹாவோடு சேர்ந்து நடந்து போகிறவள், செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லி நின்று, ஸம்ஹா போன பிறகு போனாள். செருப்பு வார் அறுந்திருக்கவில்லை. ஸம்ஹா வேலியருகே நின்று இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கஞ்சியை ஸஃப்னா கொண்டுவந்தாள். ஸஃப்னா பாதியை மணலில் சிந்தியதால் பிறகு ஹஃபீலாவே கொண்டுவந்தார். கஞ்சி நிற்கவில்லை. ஸம்ஹா நின்றுவிட்டாள்.

நிக்கொலஸ் இதைக் கவனிக்கவில்லை. இதை வாசகர் நம்பமாட்டார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஒருவர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தால் அவருக்குக் காய்ச்சலா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. நிக்கொலஸ் அப்படி வாரக்கணக்கில் இருந்திருக்கிறான். பேசாமலிருப்பது அவனுக்குப் படிப்பறை மாதிரி. பிள்ளையும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள் என்று நினைத்து, உள்ளூரக் கொஞ்சம் மகிழ்ந்துகூட

[இந்த வாக்கியத்தை முடிக்க விருப்பமில்லை.]

5

நோன்புப் பெருநாளன்று ஜெனிற்றா அங்கே போகவில்லை. ஒவ்வொரு பெருநாளும் போகிறவள். அதற்கு அடுத்த நாள் ஹஃபீலா பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்து குசினி வாசலில் நின்றார். இமெல்டா கதிரையை இழுத்துப் போட்டாள். ஹஃபீலா உட்காரவில்லை. முதலில் லொறியைப் பற்றியும், மன்னாரில் ஜௌபரின் அண்ணன் கட்டி முடித்த வீட்டைப் பற்றியும், அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டும் போகவில்லை.

"அக்கா, எங்கட புள்ள ஏதும் பேசிட்டாவா?"

அப்படி ஒன்றுமில்லை என்றாள் இமெல்டா.

"ராவெல்லாம் கேக்கிறா, நான் என்ன செஞ்சேன் எண்டு. எனக்குப் பதில் தெரியல்ல." ஹஃபீலா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "போற நேரத்தில மனசில வெச்சிக்கிட்டுப் போக ஏலா அக்கா. யாராச்சும் புள்ளைக்கு ஏதும் சொன்னாங்களா, எங்களோட சேர வேணாமெண்டு?"

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. ஏழு வருடத்துக்கு முந்திய அந்த உயிர்த்த ஞாயிறைப் பற்றியது. அப்போது இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு வயது. எங்கோ கோயில்களில் குண்டு வெடித்ததும், வெடிக்க வைத்தவர்களின் பெயர்கள் முஸ்லிம் பெயர்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இந்தத் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் ஏசக்கூட இல்லை. ஆனால் ஹஃபீலா பல வாரம் வெளியே வரவில்லை. வேலியில் ஒரு இடத்தை யாரோ புதுக் கிடுகு வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எந்த வீட்டார் என்று இரு வீட்டாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வளர்ந்து அதைப் பிரிக்கும் வரை அது அப்படியே இருந்தது. இந்தப் பத்தியை எடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் அடைப்புக்குறி போட்டேன்.]

இமெல்டா ஹஃபீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தியமாக இல்லை என்றாள். அப்படியானால் ஏன் என்று ஹஃபீலா கேட்டார். அன்று மாலை கடையிலிருந்து வந்த நிக்கொலஸின் முன்னால் வட்டிலப்பத்தை வைத்துவிட்டு, "தின்னுங்க. பிறகு உங்கட மகளோட கதைங்க," என்றாள்.

6

இனி ஜெனிற்றா. ஒரு பாத்திரமாக அவளை நான் சந்தேகிக்கிறேன்.

அவள் ஏன் இப்படிச் செய்தாள் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. அது அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. வாசிக்கிற பழக்கமுள்ளவனுக்கு இப்படி ஒரு நோய் வரும். ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டால்கூட அதற்கு உள்ளே ஒரு நிலவறையைத் தோண்டிப் பார்ப்பான். இமெல்டாவின் கட்சி வேறு: தலைக் கிளிப்புக்காகச் சண்டை பிடித்திருக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை.

என் விளக்கத்துக்கு ஆதாரம் இரண்டு.

திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் மத்தியானம் ஜௌபர் கடைக்கு வந்தார். சொல்லிவைத்திருந்த பீற்றூட் விதை இனித் தேவையில்லை என்றார். "அடுத்த போகம் நான் இங்க இல்ல தம்பி. பெருநாள் முடியப் போறம்." பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த ஜெனிற்றா பசளை மூட்டையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முதல் படியில், அவள் நிமிர்ந்து பார்த்தாள் என்று எழுதினேன். இரண்டாம் படியில், நிமிரவில்லை, பென்சில் மட்டும் நின்றது என்று மாற்றினேன். இரண்டாவது நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையில் நான் அவளைப் பார்க்கவேயில்லை, விதை டின்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

[நிக்கொலஸ் அடுக்கிக்கொண்டிருந்தான். திருத்த வேண்டும்.]

அன்று மாலைதான் எல்லாரும் பேசாமலிருந்து ஒறுத்தலைத் தேர்ந்தார்கள்.

இரண்டாவது ஆதாரம், வட்டிலப்பம் வந்த பிறகு, செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கோயிலில் செபம் முடிந்து நிக்கொலஸும் ஜெனிற்றாவும் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். இதே கேள்வியை நேராகக் கேட்க நிக்கொலஸுக்கு அத்தனை நாள் எடுத்தது. காற்றாலைக் கோபுரங்கள் தெரிகிற திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, ஸம்ஹாவுடன் ஏன் கதைப்பதில்லை என்று கேட்டான். வெங்காயத் தோட்டங்கள் கடந்தன. வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பும்போது அவள் அவன் முதுகில் வாயை வைத்துச் சொன்னாள்:

"சொன்னா பலிக்காது பப்பா."

ஒறுத்தல் பலிப்பதில்லை. கொடுத்தோம், அவ்வளவுதான். பலிக்க வேண்டுமென்றால் அது நேர்த்திக்கடன். அப்படியானால் அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். எதைக் கேட்டிருப்பாள்? தனக்கு ஆகப் பிடித்த ஒன்றை ஆண்டவருக்குக் கொடுத்தாள். ஸம்ஹாவைக் கொடுத்தாள். ஸம்ஹா போகக்கூடாது என்பதற்காக.

வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திய பிறகும் நிக்கொலஸ் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். கடவுள் அப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்வதில்லை என்று அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சியாம் ஏழாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று தலவிலக் கோயில் அன்னம்மாளிடம் நேர்ந்தவன் அவன். சியாம் பிழைத்தான். ஆவணித் திருநாளுக்குத் தலவிலைக்குப் போகிற வழியில் வருடாவருடம் இமெல்டா இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வாள். ஜெனிற்றாவுக்கு அது மனப்பாடம்.

7

இமெல்டாவுக்குக் குழப்பமே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஹஃபீலாவிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றாள். உங்கள் பிள்ளையின் மேல் கோபமில்லை, இது எங்கள் பிள்ளையின் பைத்தியக்கார நேர்த்தி என்று.

சொன்னால் நேர்த்தி உடையும் என்றான் நிக்கொலஸ். ஜௌபர் குடும்பம் எப்படியும் போகத்தான் போகிறது. பப்பா சொன்னதால்தான் ஸம்ஹா போய்விட்டாள் என்று ஜெனிற்றா நினைத்துக்கொள்வாள். அவளுக்கு ஐம்பது வயதாகும்போதும் நினைத்துக்கொள்வாள்.

"சொல்லாட்டி அந்தப் பிள்ளை ஐம்பது வயசு வரைக்கும் என்ன நினைக்கும்?" என்றாள் இமெல்டா. "தன்னத்தான் ஒதுக்கினாங்க எண்டு. இந்த ஊரில, இந்தக் காலத்தில, ஒதுக்கினாங்க எண்டா என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நிக்கொலஸ் பேசாமலிருந்தான்.

"இது பாருங்க. உங்களப் பார்த்துத்தான் அவளும் வாயப் பூட்டப் பழகினவ," என்றாள்.

நேற்று [இது வியாழக்கிழமை எழுதப்படுகிறது] நிக்கொலஸ் பங்குச் சுவாமியிடம் போனான். சிலாபம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். முழுவதையும் கேட்டார். பிள்ளைக்கு எத்தனை வயது என்று இரண்டு முறை கேட்டார். சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். நேர்த்தி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, ஞாயிற்றுக்கிழமைகள் தவக்காலக் கணக்கில் சேராது, தெரியுமா என்றார். நாற்பது நாள் என்பது ஞாயிறுகளை விட்டு எண்ணினால்தான் வரும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சின்ன உயிர்ப்பு. அன்று ஒறுத்தல் இல்லை.

லொறி வருவது ஞாயிற்றுக்கிழமை. நிக்கொலஸ் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. சாப்பாட்டு மேசையில், பொதுவாக ஒரு தகவலைச் சொல்வதுபோல, சியாமைப் பார்த்தபடி சொன்னான். ஞாயிறில் பீற்றூட் தின்னலாம். சியாம் அதிர்ந்துபோனான். ஜெனிற்றா சோற்றைப் பிசைந்தபடி நெடுநேரம் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது என்னைப் போலவே கீழுதட்டைக் கடிப்பாள்.

"ஸம்ஹாட நோன்பில ஞாயிறு இல்லையே," என்றாள்.

பிறகு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் இன்னும் மெருகாகச் சொல்ல வைத்திருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஸம்ஹா ஒரு நாளும் விடாமல், எச்சில் விழுங்காமல் பிடித்த நோன்பைப் பார்த்துத்தான் என் மகள் தன் தவக்காலத்தை அளந்திருக்கிறாள். அவளுடைய விரதம் எங்கள் கோயிலுடையது இல்லை. அவர்களுடையதும் இல்லை. யாருடைய சட்டத்தைக் காட்டி அதை நான் தளர்த்துவது?

8

வெள்ளிக்கிழமை. கடையில் ஆள் இல்லை. முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்றில், ஞாயிறு காலை குருத்தோலைப் பவனி தெருவில் வருகிறது. எதிரே லொறி. வழி விடுவதற்காக லொறி ஓரங்கட்டுகிறது. ஜெனிற்றா வரிசையை விட்டு ஓடுகிறாள். பின்னணியில் ஓசன்னா. எழுதும்போது எனக்குக் கண்கலங்கியது. அதனால் அதை நம்பவில்லை.

இன்னொன்றில் லொறி போய்விடுகிறது. ஒரு வாரம் கழித்து, உயிர்த்த ஞாயிறு காலை, மேசையில் எல்லாரும் ஜெனிற்றா எதை ஒறுத்தாள் என்று ஊகிக்க வேண்டும். யார் வாயைத் திறப்பது? இதற்கு மேல் இதை எழுத முடியவில்லை. முட்டைகளுக்குச் சாயம் பூசியிருந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு வெட்டினேன்.

மூன்றாவதில், மன்னாரில் காணிப் பிணக்கு. ஜௌபர் போகவில்லை. லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நேர்த்தி பலித்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷமான இந்த முடிவுதான் எனக்கு ஆகப் பயத்தைத் தருகிறது. தான் நேசித்ததைத் துன்புறுத்தியதால் அது தன்னிடம் நின்றது என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அதற்குப் பிறகு அவளை யார் திருத்துவது? தவிர, ஜௌபர் தன் வாப்பாவின் காணிக்குத் திரும்பிப் போக முப்பத்தைந்து வருடம் காத்திருந்தவர். அவருக்கு எதிராக என் மகளும் ஆண்டவரும் கூட்டுச் சேர வேண்டுமா?

கிளிப்புச் சண்டை என்ற முடிவும் இருக்கிறது. அப்படியானால் நான் இவ்வளவு நாளும் எழுதியது ஒன்றுமே இல்லை. சில நேரம் அதற்காகத்தான் செபிக்கிறேன்.

9

சனிக்கிழமை பின்னேரம். நிக்கொலஸ் இதற்கு மேல் வரமாட்டான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

நாளைக்கான குருத்தோலைகள் வந்துவிட்டன. இமெல்டா நிலத்தில் உட்கார்ந்து சிலுவை மடித்துக்கொண்டிருக்கிறாள். சியாம் ஒரு ஓலையால் கோழியைத் துரத்துகிறான். கேற்றடியில் செருமல் சத்தம் கேட்கிறது. நான் போய்ப் பார்க்கிறேன். ஹஃபீலா நிற்கிறார். வேலி ஓட்டையால் வரவில்லை, வாசலால் வந்திருக்கிறார். பின்னால் ஸம்ஹா, பெருநாளுக்கு எடுத்த சட்டையோடு, உம்மாவின் சேலையைப் பிடித்தபடி.

விடிய லொறி வந்துவிடும், நாங்கள் பூசைக்குப் போயிருப்போம், அதனால்தான் இப்போதே சொல்லிக்கொள்ள வந்ததாகச் சொல்கிறார் ஹஃபீலா. ஜௌபர் சாமான் கட்டுகிறாராம், பிறகு வருவாராம். உள்ளே வரச் சொல்கிறேன். வேண்டாம், நேரமில்லை என்கிறார். ஆனால் போகவில்லை. என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் பார்க்கிறார்.

"புள்ள எங்க?"

இமெல்டா ஓலை மடிப்பதை நிறுத்திவிட்டாள். எப்போதும் எனக்காகப் பேசுகிறவள் இப்போது பேசவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

இரண்டு பேரைக் கேற்றடியில் நிற்கவைத்துவிட்டு ஒருவன் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கவனமாக நிகழ்காலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வினைமுற்றுகள் இப்படியே இருக்கும் வரை அடுத்த கணம் வராது. ஞாயிறு விடியாது. ஹஃபீலாவின் கேள்வி காற்றில் நிற்கும்.

எத்தனையோ தடவை பேசாமலிருந்து தப்பியிருக்கிறேன். இன்று பேசாமலிருந்தால் அதுவும் ஒரு பதில். ஏழு வருடமாக இந்தத் தெரு ஹஃபீலாவுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிற பதிலாகத்தான் அது போய்ச் சேரும்.

"ஸம்ஹா," என்கிறேன்.

தாயைக் கூப்பிடாமல் பிள்ளையை ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கண் இமைக்காமல் பார்க்கிறாள். அவள் என்ன செய்தாள் என்று நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்க்கிறாள்.

இதற்கு அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால், என் இடத்தில் வந்து நின்று அதைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும். மெதுவாகச் சொன்னாலும் அது இரண்டு பிள்ளைகளுக்கும் கேட்கும். எனக்குப் பின்னால், அறைவாசல் திரைக்குக் கீழே, கால்விரல்கள் தெரிகின்றன. அவை அசையவில்லை.